பன்னிரண்டாவது இடம்

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒரு வோன்மொபில். ஒரு ஆள்,” என்றாள். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டி, எங்கட வீட்டு வானின் முன்சீற்றில் செபமாலையோடு இருந்த கொறற்றியைப் பார்த்தாள். “அது யார்?”

“என் மனைவி.”

“அவருடைய பெயர் என்னிடம் இல்லையே.”

நான் சிரித்தேன். ஏதோ சின்னப் பிழை, பேனையை எடுத்து ஒரு பெயரை எழுதினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கொறற்றியின் பாஸ்போட்டையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். அவள் அதைத் தொடவில்லை.

“இது சரக்குக் கப்பல்,” என்று ஆறுதலாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஜெர்மனில் சொன்னாள். “வேலையாட்களைத் தவிரப் பன்னிரண்டு பேரைத்தான் ஏற்றலாம். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் சட்டப்படி இது பயணிகள் கப்பல் ஆகிவிடும். எங்களிடம் அதற்கு அனுமதி இல்லை. லொறிச் சாரதிகள் பதினொரு பேர். நீங்கள் பன்னிரண்டு.”

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் ஒரு லொறி கோண் அடித்தது.

ட்ராவெமுண்டத் துறைமுகத்தில் இது நடந்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. உலகக் கிண்ணப் பந்தாட்டம் முடிந்து ஒரு மாதமாகியும் சில கார்களில் ஜெர்மன் கொடி கிழிந்தபடி பறந்துகொண்டிருந்தது. எங்கட வானிலும் ஒன்று இருந்தது. கைக்கு வரும்போதே இருந்தது, கழற்ற மனமில்லை.

அந்தக் கப்பல் பின்லாந்துக்குப் போகிறது. அங்கே துர்க்கு என்ற ஊரில் கொறற்றியின் தமக்கையின் மகள் அஜிதா இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தாயாக, நாங்கள் தொட்டம்மா என்று சொல்லுவோம், கொறற்றியைத்தான் கேட்டிருந்தாள்.

இது எங்களுக்குப் பெரிய விசயம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஹம்பேர்க்கில் தமிழ்ச் சனத்தின் ஞானஸ்நானம் எத்தனைக்குப் போயிருப்போம்! ஒருத்தரும் கொறற்றியைக் கேட்டதில்லை. பிள்ளை பெறாதவளின் கையில் குழந்தையைக் கொடுக்கலாமோ என்று ஒரு எண்ணம் எங்கட சனத்துக்கு. எத்தனை பூசை கண்டாலும் அது போகாது. வாயால் சொல்லமாட்டார்கள். கேட்காமல் விட்டுவிடுவார்கள். அஜிதாதான் கேட்டாள். ரெலிபோனில் அவள் கேட்டதும் கொறற்றி ரெலிபோனை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்தான் “ஓம் பிள்ளை, வாறம்” என்றேன்.

அஜிதாவின் தாய் யாழ்ப்பாணத்தில். அந்த மாதம் ஏ-ஒன்பது பாதையைப் பூட்டிவிட்டார்கள், அவவால் கொழும்புக்கே வர ஏலாது. அதோடு மாப்பிள்ளை பகுதியில் ஒரு கதை இருந்தது. சின்னம்மா கொறற்றி வராவிட்டால் மாப்பிள்ளையின் தமக்கை தொட்டம்மாவாக நிற்கட்டும் என்று. அவ ஒஸ்லோவில் இருந்து ஏற்கெனவே வெளிக்கிட்டுவிட்டா.

பிளேனில் போகலாமே என்று கேட்பீர்கள். கொறற்றியால் ஏலாது. ஊரில் ஷெல் விழுந்தபோது அவளுடைய இடது காதுச் சவ்வு போனது. ஜெர்மனிக்கு வந்த பிளேனில் அவள் பட்ட பாட்டை, கூட்டிவரப் போன நான் விமானநிலையத்தில் பார்த்தவன். இங்கே காதை இரண்டு தரம் வெட்டித் தைத்த டொக்டர், இனிப் பிளேன் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் கப்பல். பள்ளிக்கூட விடுமுறையில் பயணிகள் கப்பல் எல்லாம் நிறைந்துவிட்டது. நான் வேலை செய்கிற கிட்டங்கிக்குச் சாமான் கொண்டுவருகிற போலந்துச் சாரதி ஒருவன்தான், மலிவுச் சரக்குக் கப்பல் ஒன்று இருக்கிறது, வோன்மொபிலும் ஏற்றுவார்கள், சாப்பாடும் தருவார்கள் என்று சொன்னான்.

வோன்மொபில், கொறற்றியின் பாசையில் ‘வீட்டு வான்’, எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த ஜெர்மன் கிழவருடையது. கண் மங்கி ஓட்ட முடியாமல் போனபிறகு எனக்குத் தந்தார். நாய் மணமும் செம்மஞ்சள் யன்னல்சீலையும் அதோடு வந்தன. கொறற்றி மூன்று நாள் கழுவினாள், மணம் போகவில்லை, விட்டுவிட்டாள். அஜிதாவின் வீட்டில் இரண்டு அறைதான், ஒஸ்லோக்காரரும் வந்தால் படுக்க இடமில்லை. வான் என்றால் அதற்குள்ளேயே படுக்கலாம். ஐஸ்பெட்டியில் மட்டன் ரோல்ஸ், தகரங்களில் பயத்தம் பணியாரமும் முறுக்கும், கட்டிலுக்கு மேல் கயிறு போட்டுக் கட்டிய பெரிய கேக். எல்லாம் கொறற்றி லீவு எடுத்துச் செய்தவை.

சரி, பிழை எங்கே நடந்தது? பிழை என்னுடையது. பத்திரம் நிரப்புவதென்றால் எனக்கு இன்றைக்கும் வியர்க்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினதே முப்பது வயது தாண்டித்தான். அதனால் கப்பல் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். பெயரைச் சொன்னேன். வானின் நீளம், உயரம் சொன்னேன். “நான் வருகிறேன்” என்றேன். அவ்வளவுதான். எங்கட சனத்தில் ஒருவன் நான் வாறன் என்றால் வீட்டுக்காரியும் வாறாள் என்றுதான் கருத்து. கலியாண வீட்டில் ‘சூசையண்ணை வாறாராம்’ என்று கேள்விப்பட்டால் கேளாமலே இரண்டு இலை போடுவார்கள். கப்பல்காரர் ஒரு இலைதான் போட்டார்கள்.

வானை ஒரு பக்கமாக விடச் சொன்னார்கள். எங்களை வழியனுப்ப அன்ரன் தன் காரில் பின்னால் வந்திருந்தான். என்னோடு கிட்டங்கியில் கொள்கலன் இறக்குகிறவன், வயதில் இளையவன், வாய் மட்டும் மூத்தது. தேத்தண்ணிப் போத்தலோடு இறங்கி வந்தான்.

“என்னண்ணை, கப்பல் உங்களை வேண்டாமாம்?”

“என்னை வேணுமாம். அக்காவைத்தான் ஏலாதாம்.”

“அக்கா ஒரு ஆளே, அரை ஆள்தானே. கேக்குக்குப் பக்கத்தில படுக்க வையுங்கோ, ஆர் பாக்கப் போறான்.”

“அப்பிடி வந்தவைதானே நீங்கள் எல்லாரும்,” என்று கொறற்றி வானுக்குள் இருந்தபடியே சொன்னாள். “நான் விசாவோட வந்தனான். ஒளிச்சுப் போகமாட்டன்.”

நான் திரும்பவும் கண்ணாடிக்குப் போனேன். கெஞ்சினேன். அவள் சின்ன ஆள், ஒரு கதிரை போதும், கட்டிலே வேண்டாம் என்றேன். அந்தப் பெண் நல்லவள்தான், முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த கப்பல்? சனிக்கிழமை. போய்ச் சேர ஞாயிறு இரவாகும். வேறு வழி? யோசித்துவிட்டு, “வாகனம் சாரதி இல்லாமலும் போகும்,” என்றாள். “பாதி லொறிப் பெட்டிகள் அப்படித்தான் போகின்றன. சாவியைத் தந்தால் எங்கள் ஆட்கள் ஏற்றுவார்கள், அங்கே இறக்குவார்கள்.”

ஆள் போகாமல் வான் மட்டும் போய் என்ன செய்ய? திரும்பி வந்தேன்.

கொறற்றி இறங்கி வானின் படியில் இருந்தாள். பச்சைச் சட்டை போட்டிருந்தாள், தலைக்கு ஒரு துணி. அவளைப் பார்க்காமல் அன்ரனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“ஒரு ஆள்தான் போகலாமாம். இப்பிடிச் செய்வம். நான் வானைக் கொண்டுபோறன். சாப்பாடாவது போய்ச் சேரும். கொறற்றி உன்னோட வீட்ட வரட்டும். அஜிதாவிட்ட நான் விளங்கப்படுத்திறன்.”

“ம்,” என்றான் அன்ரன். அவனுக்கும் பகிடி வரவில்லை.

“என்னத்தை விளங்கப்படுத்துவியள்?” கொறற்றி கேட்டாள்.

“கப்பலில இடமில்லையெண்டு.”

“இடம் இருந்ததுதானே. நீங்கள் கேக்கேல்ல.”

“கொறற்றி, நான் வேணுமெண்டே…”

“வேணுமெண்டு செய்யேல்ல. எனக்குத் தெரியும். வேணுமெண்டு செய்திருந்தால் சண்டை பிடிக்கலாம்.” செபமாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். “உங்களுக்கு என்னை எண்ண நினைவு வரேல்ல. மற்றவைக்கும் வாறேல்ல. இருபது வருசமா ஆர் வீட்டு ஞானஸ்நானத்திலயும் வாறேல்ல. ஒரு பிள்ளை எண்ணினாள். அவளிட்டப் போய் இடமில்லையெண்டு சொல்லப்போறியளோ?”

ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காக, “வான் தனியப் போகுமாம். ஆள் இல்லாமல். அதை ஏத்துவினமாம்,” என்றேன்.

கொறற்றி நிமிர்ந்தாள்.

“தனியவோ?”

“ஓம். திறப்பைக் குடுத்தால் அவையே ஏத்தி அவையே இறக்குவினமாம்.”

“அப்ப வானுக்கு நீங்கள் தேவையில்லை.”

“இல்லை…”

“கப்பலில ஒரு இடம் இருக்கு.”

“ஓம், ஆனால் அது…”

“ஞானத்தாய் நானோ, நீங்களோ?” எழும்பிச் சட்டையைத் தட்டினாள். “நீங்கள் பிளேனில வாங்கோ. உங்கட காது நல்லாத்தானே இருக்கு.”

அன்ரன் தேத்தண்ணியை மூக்கால் விட்டான்.

“அக்கா, மெய்யாவோ? பதினொரு லொறிக்காரர். ரெண்டு நாள். நடுக்கடல்.”

“உன்னோட ரெண்டு மணித்தியாலம் காரில வாறதை விட லேசு,” என்று சொல்லிக்கொண்டு நடந்துவிட்டாள்.

நான் பின்னால் ஓடினேன். சொல்ல எத்தனையோ இருந்தது. அவள் தனியாக பஸ்சில் வேலைக்குப் போவாள், மீன்சந்தைக்குப் போவாள். அதைத் தாண்டித் தனியாக ஒரு இடமும் போனவள் இல்லை. கந்தோர் என்றால் நான் கதைப்பேன், டொக்டர் என்றால் நான் கதைப்பேன். கடலில் வாந்தி வந்தால்? அந்த ஆண்கள் குடித்துவிட்டு… சனம் கேள்விப்பட்டால்? அதற்குள் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். குள்ளமான ஆள், குதிக்காலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

“வாகனம் தனியாக வரும்,” என்று ஜெர்மனில் சொன்னாள். “அந்தப் பன்னிரண்டாவது இடத்தில் நான் வருகிறேன். பெயரை மாற்றுங்கள்.”

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என்னைப் பார்த்தாள். கொறற்றி சொன்னாள், “அவரைப் பார்க்காதீர்கள். போவது நான்.”

அவள் இவ்வளவு ஜெர்மன் கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. முதியோர் இல்லத்துக் குசினியில் பத்து வருசமாகச் சமைக்கிறாள், அந்தக் கிழவிகளோடு கதைத்துக் கதைத்து வந்திருக்கிறது. வீட்டில் கதைக்க வேண்டி வரவில்லை, நான் கேட்கவில்லை.

“உங்களுக்கு அதிர்ஷ்டம்,” என்று அந்தப் பெண் முதல்தரமாகச் சிரித்தாள். “பதினொரு சாரதிகளில் ஒருத்தி பெண். அவளுடைய அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. பின்லாந்துக்காரி. கொஞ்சம் குறட்டை விடுவாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.”

“பரவாயில்லை,” என்றாள் கொறற்றி. “எனக்கு ஒரு காதுதான் கேட்கும்.”

வானில் இருந்து அவள் எடுத்தது ஒரு சின்னப் பெட்டி. மாற்றுடுப்பு, மருந்து, பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. பிறகு ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு பெட்டி ரோல்சையும் எடுத்துக்கொண்டாள். நான் காஸ் போத்தலைப் பூட்டி, துறைமுக ஆளிடம் திறப்பைக் கொடுத்தேன். அவன் காதில் சிகரெட்டைச் செருகிக்கொண்டு ஏறி இருந்தான். கொறற்றி அவன் பக்கத்து யன்னலைத் தட்டினாள்.

“மெதுவாக. உள்ளே கேக் இருக்கிறது.”

“என்ன கேக்?”

“ஞானஸ்நானக் கேக். நானே அந்தப் பிள்ளையின் ஞானத்தாய்.”

அவன் காதில் இருந்த சிகரெட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தான். வான் கலியாண ஊர்வலம் மாதிரிக் கப்பலின் வாய்க்குள் ஊர்ந்து போனது. கொறற்றி ஒரு சின்ன பஸ்சில் ஏறினாள். நான் யன்னலுக்குக் கீழே நின்றேன்.

“ரெலிபோன் வேலை செய்யாட்டிப் பயப்படாதையும்,” என்றேன்.

“நீங்கள் பயப்படாதேங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிந்தாமல் நில்லுங்கோ. அங்கயிருந்து வானை ஓட்டவேண்டியது நீங்கள்தான்.”

பஸ் போய்விட்டது.

அன்ரன் என்னைக் காரில் ஏற்றிக் கடற்கரை வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ட்ராவெமுண்டவில் கப்பல்கள் வீதியோரமாகத்தான் வெளியே போகும். கோப்பி குடிக்கிறவர்களின் தலைக்கு மேலால் ஒரு மாடி வீடு நகர்வது போல இருக்கும். மீன் பாண் சாப்பிட்டுக்கொண்டு சனம் நின்றது. பிள்ளைகள் கை காட்டினார்கள். எங்கட கப்பல் வந்தது. வடிவில்லாத கப்பல், தகரப் பெட்டி மாதிரி. மேலே கம்பியோரத்தில் ஒரு பச்சைச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் அதைவிட ஒன்றரை மடங்கு உயரமாக ஒரு ஆள்.

நான் கையைத் தூக்கி ஆட்டினேன். பச்சைச் சட்டை எங்கட பக்கம் திரும்பவில்லை. பக்கத்து ஆளுக்கு எதையோ கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணை, அக்கா எங்களைப் பாக்கேல்லப் போல.”

“பாத்தவள்,” என்றேன்.

அன்றைக்குப் பின்னேரமே ரெலிபோன்கள் வரத் தொடங்கிவிட்டன. அன்ரன் யாருக்குச் சொன்னானோ தெரியாது. தன் மனிசிக்கு மட்டும்தான் சொன்னதாகப் பிறகு சத்தியம் பண்ணினான். எங்கட கத்தோலிக்கக் கோவிலில் பாட்டுக்குப் பொறுப்பான கதிர்காமநாதன், கட்டின மனிசிக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவர், அவர்தான் முதல் எடுத்தார்.

“சூசைதாசன், கொறற்றியை லொறிக்காரரோட கடலுக்கு அனுப்பிப்போட்டீராம், மெய்யே?”

“நான் அனுப்பேல்ல. அவ போனவ.”

“அதெப்பிடி நீர் அனுப்பாமல் அவ போறது?”

“பஸ்சில ஏறி, பேந்து கப்பலில ஏறி,” என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன். அவருக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அஜிதாவுக்கு எடுத்து விசயத்தைச் சொன்னேன்.

“சித்தப்பா, சின்னம்மாவோ? தனியவோ?”

“ஓம் பிள்ளை.”

“எங்கட சின்னம்மாவோ?” என்று திரும்பக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். “மச்சாளுக்கு இப்பவே சொல்லுறன், சின்னம்மா கப்பலில நிக்கிறாவெண்டு. அவ ஒஸ்லோவில இருந்து சேலையெல்லாம் கொண்டந்து நிக்கிறா.”

வெள்ளிக்கிழமை நான் பிளேனில் ஹெல்சிங்கி போய், அங்கிருந்து பஸ்சில் துர்க்குவுக்குப் போனேன். பஸ் யன்னலுக்கு வெளியே மரமும் தண்ணியும், மரமும் தண்ணியும். கொறற்றியின் ரெலிபோன் முழு நாளும் ஒரு ஜெர்மன் பெண்ணின் குரலில், இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று சொன்னது. கடைசியில் அந்தக் குரலோடேயே எனக்குக் கோபம் வந்தது.

துறைமுகத்தில் ஒரு கம்பி வேலி. அதற்கு வெளியே நிற்கலாம். கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வாய் திறந்தது. லொறிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு லொறியிலும் முன்கண்ணாடியைப் பார்த்தேன், சாரதி மட்டும்தான். நடந்து வருகிற ஆட்களுக்கான வாசலில் ஒருவரும் இல்லை. பிறகு எங்கட வான் வந்தது, ஜெர்மன் கொடியும் தானுமாக. ஓட்டி வந்தவன் யாரோ ஒரு துறைமுக ஆள். உள்ளே கொறற்றி இல்லை.

வேலியில் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். “என் மனைவி எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. தோளைத் தூக்கிவிட்டு வானை நிறுத்திப் போனான். கடல் சும்மா சலசலத்துக்கொண்டு கிடந்தது. நான் ஏன் விட்டேன், நான் ஏன் விட்டேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

கடைசி லொறி வந்தது. நீலம், மரக்கட்டை ஏற்றுகிற பெரிய லொறி. ஓட்டியது பொன்தலைமயிர்ப் பெண், மேசை மாதிரித் தோள். பக்கத்தில், உயரத்தில், பச்சைச் சட்டை. மடியில் பெட்டி.

லொறி வாசலுக்கு வெளியே வந்து நின்றது. கொறற்றி பின்பக்கமாக, ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் நிலத்துக்கு வந்துவிட்டாள்.

“இவ சீர்பா,” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை வாறா.”

“எங்க?”

“ஞானஸ்நானத்துக்கு. கூப்பிட்டனான்.”

சீர்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தோள் கழன்றது போல இருந்தது.

“இவ மட்டுமோ?” என்று கேட்டேன்.

“பதினொரு பேரையும் கூப்பிட்டனான். மற்றவைக்கு வேலையாம். ரெண்டு போலந்துப் பெடியள் வருவினம். சனி ஞாயிறு ஓய்வு எடுக்கவேணுமாம் அவை, சட்டமாம். இஞ்சதான் நிப்பினம்.”

வானை நான் ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த கதை. முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒருத்தரும் அவளோடு கதைக்கவில்லையாம். பன்றியும் உருளைக்கிழங்கும் வந்ததாம். அவள் கிழங்கை மட்டும் சாப்பிட்டாளாம். வெள்ளிக்கிழமை வர முதலே இறைச்சி விட்டிட்டாவோ என்று ஒரு போலந்துக்காரன் கேட்டானாம், அவனும் எங்களைப்போல வெள்ளியில் இறைச்சி தொடாத கத்தோலிக்கன். அப்போது அவள் போய் ரோல்ஸ் பெட்டியை எடுத்து வந்து மேசையில் திறந்து வைத்தாளாம்.

“உறைப்பெண்டு சொன்னனீரோ?”

“கடிச்ச பிறகு சொன்னனான்.”

பிறகு எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்களாம். எங்கே போகிறாய் என்று கேட்டார்களாம். சொன்னாளாம். ஒரு எஸ்தோனியக்காரன், தனக்கு மூன்று ஞானப்பிள்ளைகள், ஒன்றின் பிறந்தநாளும் நினைவில்லை என்று சொல்லி அழுதானாம். “குடிச்சிருந்தவன்,” என்றாள் கொறற்றி, “ஆனால் நல்ல பெடியன்.” கப்பல் ஆடின நேரம் சீர்பா அவளை மேலே கூட்டிக்கொண்டு போய், தூரத்தைப் பார், தூரத்தைப் பார் என்று காட்டினாளாம். தூரத்தைப் பார்த்தால் வயிறு பிரட்டாதாம்.

“அவை உம்மை என்னெண்டு கூப்பிட்டவை?”

“பேரைச் சொல்லித்தான். வேற என்னெண்டு?” யன்னலுக்கு வெளியே பார்த்தாள். “கன வருசத்துக்குப் பிறகு ஒருத்தரும் என்னட்ட எத்தினை பிள்ளையள் எண்டு கேக்கேல்ல. ஆற்ற பிள்ளை, என்ன பேர் வைக்கப்போறியள் எண்டுதான் கேட்டவை.”

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே நீல லொறி நின்றது. பக்கத்தில் எங்கட வான். சீர்பா பூப்போட்ட சட்டை ஒன்று போட்டு, கடைசி வாங்கில் நேராக இருந்தாள். போலந்துக்காரர் இருவரும் தண்ணி தொட்டுத் தலை வாரியிருந்தார்கள். ஒஸ்லோ மச்சாள் பட்டுச்சேலையோடு முன்வாங்கில். அவ கொறற்றியை மேலும் கீழும் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மட்டும், “கப்பலில வந்தவவாம்,” என்றா.

“ஓம்,” என்றேன். “சரக்குக் கப்பல்.”

குருவானவர் எங்களுக்காக ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து பூசை வைத்தார். ஞானத்தாய் யார் என்று கேட்டபோது நான் எழும்பிச் சொல்லப் பார்த்தேன், பழக்கம். கொறற்றி ஏற்கெனவே முன்னால் நின்றாள். அஜிதா பிள்ளையை அவள் கையில் வைத்தாள். பிள்ளை ஒருதரம் உடம்பை முறுக்கிப் பார்த்தது, பிறகு கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தது. பிள்ளையின் பெயர் என்ன என்று குருவானவர் கேட்டார்.

“ஸ்ரெல்லா,” என்றாள் கொறற்றி. கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

தலையில் தண்ணி விழுந்ததும் பிள்ளை வீரிட்டுக் கத்தியது. எங்கட சனத்தில் கத்தினால் நல்லது என்பார்கள். போலந்துக்காரன் ஒருவன் கை தட்டிவிட்டான். பிறகு வெட்கப்பட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

விருந்து, கோவிலுக்குக் கீழே இருந்த மண்டபத்தில். கேக்கில் ஒரு மூலை நசிந்திருந்தது. அதைச் சீர்பாவே எடுத்துச் சாப்பிட்டாள். நானும் கொறற்றியும் யன்னலோரம் இரண்டு கதிரையில் இருந்தோம். பிள்ளை அவள் மார்பில் தூங்கிவிட்டது. வாயோரம் பால் வழிந்து கழுவிப் போட்ட பச்சைச் சட்டையில் ஒரு வட்டமாக நனைந்திருந்தது. ஒருத்தரும் பிள்ளையைத் தா என்று கேட்க வரவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்கமாட்டாள்.

குசினிக் கதவால் ஒஸ்லோ மச்சாள் தலையை நீட்டினா. முகமெல்லாம் வியர்வை.

“கொறற்றி அக்கா, இந்த ரோல்ஸ் வெளியால கருகுது, உள்ளுக்குள்ள ஐஸாக் கிடக்கு. எப்பிடிச் சூடாக்கிறது? ஒருக்கா வாங்கோவன்.”

கொறற்றி திரும்பவில்லை. பிள்ளையின் முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு இப்ப ஏலாது. இவரைக் கேளுங்கோ.”

எனக்கு ரோல்ஸ் சாப்பிடத்தான் தெரியும். இருந்தாலும் எழும்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.